ராஜினாமா செய்யத் தெரிந்த மனிதர்

ஏவன்டேல், ஓக்லாந்து
8 மார்ச் 2015

அன்பின் சின்னம்மாவுக்கு,

யசி எழுதுறன். நான் சுகம். உங்கட முழங்கால் நோ எப்பிடி? சித்தப்பா சீனியைக் குறைச்சிட்டாரோ? இதைப் போனிலயும் கேட்டிருக்கலாம். ஆனால் போன் எடுத்தால் சித்தப்பா ஸ்பீக்கரில போட்டுவிட்டு, உலகக் கிண்ணத்துக்கு டிக்கெட் எடுத்தியோ எண்டு தொடங்கிடுவார். அதால ஈமெயிலில எழுதுறன்.

விசயத்துக்கு வாறன். எங்கட கொம்பனிக்குப் புதுத் தலைமை அதிகாரி வந்திருக்கிறார். டென்மார்க்காரர், பேர் பிரேபன் லிங்கோர். முந்தி உங்கட நாட்டில மந்திரியாம். எங்கட வேலை உங்களுக்குத் தெரியும்தானே, புக்கெகோஹித் தோட்டங்களில புடுங்கிக் கழுவிப் பெட்டியில அடைக்கிற கரட்டையும் கோவாவையும் குளிரில வைக்கிறது. மந்திரியாயிருந்த ஒரு ஆள் ஏன் உலகத்தின்ரை மற்றத் தொங்கலுக்கு வந்து கரட்டுக்குக் குளிர் போடவேணும்?

போன கிழமை புக்கெகோஹிக்கு வந்தார். மற்ற மனேஜர்மார் வந்தால் ஒஃபிஸில கோப்பி குடிச்சிட்டுப் போவினம். இவர் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு நேரா கொம்பிரெசர் அறைக்குள்ள வந்தார். என்ரை சட்டையில இருந்த பேரை வாசிச்சார். "வணக்கம். சுகமா இருக்கிறீங்களா?" எண்டார், தமிழில. கையில இருந்த ஸ்பனர் காலில விழாதது புண்ணியம். தன்ரை பட்டினத்தில தமிழ் ஆக்கள் கனபேர் எண்டார். எனக்கு அங்க ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டார். உங்கட பேரைச் சொன்னன். அதுவரைக்கும் சிரிச்சுக்கொண்டு நிண்டவர் அதோட சிரிப்பை நிப்பாட்டிட்டார்.

அடுத்த நாள் கூப்பிட்டு, வெஸ்ட்கேட் குளிர்க் களஞ்சியத்துக்குப் பொறுப்பு எஞ்சினியராப் போறியோ எண்டு கேக்கிறார். என்னிலும் மூத்த ஆக்கள் வரிசையில நிக்கினம். அது பழைய இடம். கட்டேக்க சுத்திவர வெறும் புல்லாம், இப்ப வேலி வரைக்கும் புது வீடுகள். குழாய்க்குள்ள ஓடுறது அமோனியா. அது வெளியில வந்தால் சனம் மூச்செடுக்கேலாது.

என்னோட வேலை செய்யிற நரேந்திரன், மலேசியப் பெடியன், சொல்லுறான்: "போஸ் உனக்கு வணக்கம் சொன்னாரா? ஓடிரு லா. அரசியல்வாதி கும்பிட்டா உன்கிட்ட என்னமோ கேக்கப் போறான்னு அர்த்தம்."

என்ரை வதிவிட விண்ணப்பம் இந்த வேலையிலதான் தொங்குது. இல்லை எண்டு சொல்லவும் பயம், ஓம் எண்டு சொல்லவும் பயம். உங்களுக்கு அவரைத் தெரியும் போலக் கிடக்கு. ஆளை நம்பலாமோ? ஒரு வரி போதும்.

பதிலுக்காகக் காத்திருக்கிற,
யசீகரன்


டென்மார்க்
29 மார்ச் 2015

அன்புள்ள தம்பி யசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம். குளிர் போகப்போக முழங்காலும் கொஞ்சம் சொல்வழி கேக்குது. சித்தப்பா தேத்தண்ணிக்குச் சீனி போடுறதை நிப்பாட்டிட்டார். அதுக்குப் பதிலா இனிப்புப் பணிஸ் தின்னுறார். தங்கச்சி ராகவிக்கு ஆஸ்பத்திரியில வேலை நிரந்தரமாகிட்டுது. அம்மாவோட கதைச்சனியோ? உன்ரை சத்தத்தைக் கேட்டு ஒரு மாசமாகுது எண்டு குறைப்பட்டவா.

நீ கேட்ட ஆள் இந்தப் பட்டினத்தில பிறந்தவர். தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். படிச்சு முடிக்க முந்தியே நகரசபைக்கு வந்தவர். பிறகு மேயர், பாராளுமன்றம், மந்திரி. மந்திரிப் பதவியை இடையில விட்டவர். அதுக்குப் பிறகு மீன்பிடிக் கப்பல்களுக்குக் குளிர்ச் சாதனம் செய்யிற கொம்பனி ஒண்டில சேர்ந்து அதை நல்லா வளர்த்தார் எண்டு பேப்பரில வந்தது. கொடி பிடிக்காத ஆள், சைக்கிளில திரியிறவர். இதெல்லாம் இஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

வேலையைப் பற்றி நீதான் யோசிச்சு முடிவெடுக்கவேணும். காலைமை வெறும் வயித்தோட வேலைக்குப் போகாதை.

அன்போடு நினைக்கும்,
சின்னம்மா வசந்தமலர்


ஏவன்டேல்
30 மார்ச் 2015

அன்பின் சின்னம்மாவுக்கு,

சுகம். அம்மாவோடயும் நேற்றுக் கதைச்சிட்டன். நேற்று நியூசிலாந்து உலகக் கிண்ணக் கிரிக்கெட் கடைசி மட்சில தோத்ததால ஒஃபிஸ் இண்டைக்குச் செத்தவீடு மாதிரி. அதால இருந்து எழுத நேரம் கிடைச்சுது.

உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். ஆளின்ரை பேர் ஒரு இடத்திலயும் இல்லை. நம்பலாமோ எண்டு நான் கேட்டன், நீங்கள் தகப்பன் என்ன வேலை எண்டு எழுதியிருக்கிறியள். கலியாணத் தரகர்கூட இதைவிடக் கூடச் சொல்லுவார்.

வெள்ளிக்கிழமை என்னை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சோத்தைக் கையால பிசைஞ்சு சாப்பிட்டார், விரல் நுனி மட்டும் படுற மாதிரி. எங்கட மாமாமார்கூட இவ்வளவு வடிவாச் சாப்பிடமாட்டினம். உங்களைப் பற்றிக் கேட்டன். "நான் எப்படி வேலை செய்வேன் என்று வசந்தமலருக்குத் தெரியும்" எண்டார், இங்கிலீஷில. பிறகு வெஸ்ட்கேட் கதை. குழாய்களைச் சுத்திக் குளிர் போகாமல் இருக்கக் காப்பு உறை போட்டிருக்கு. அதுக்குள்ள துருப்பிடிச்சிருக்கும் எண்டு தனக்குச் சந்தேகமாம். "உரிச்சுப் பார். பார்த்ததை எனக்கு மட்டும் சொல்" எண்டார்.

ஏன் அவருக்கு மட்டும்? துரு எண்டால் துரு, ஊருக்கே சொல்லலாம். இதில என்ன ரகசியம்? ஒண்டில் மூடி மறைக்கப் பாக்கிறார், இல்லாட்டி நாளைக்கு ஏதும் நடந்தால் இந்தப் பெடியனுக்குத்தான் தெரியும் எண்டு என்னைக் காட்டப் பாக்கிறார். வேறை ஒண்டும் எனக்குத் தெரியேல்லை.

உங்களுக்கு என்ன தெரியும்? அதை நேராச் சொல்லுங்கோ.

யசி


டென்மார்க்
17 மே 2015

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம், உன்ரை சுகத்துக்கும் வேண்டுறன். பதில் சுணங்கினது வேலையால இல்லை. ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் அழிச்சன்.

என்ரை தொழில் உனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்து பாஷை பிடிபட்ட நாளில இருந்து, டொக்டருக்கு முன்னால, பொலிசுக்கு முன்னால, நகரசபையில, எங்கட ஆக்களுக்காக மொழிபெயர்க்கிறன். அதுக்கு ஒரு சத்தியம் எடுக்கவேணும். அறைக்குள்ள கேட்டது அறையைவிட்டு வெளியில வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை வருத்தம் எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பிள்ளையின்ரை தாய் தமிழ்க்கடையில என்னைக் கண்டால் நான் வெய்யிலைப் பற்றித்தான் கதைப்பன். சித்தப்பாவுக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆரம்பத்தில அவருக்கு அது பெரிய கோவம்.

அந்த ஆள் மேயராயிருந்த காலத்திலயும் மந்திரியாயிருந்த காலத்திலயும் அவருக்கும் எங்கட ஆக்களுக்கும் நடுவில கதிரை போட்டு இருந்தவள் நான்தான். இவ்வளவுதான் எழுதலாம். இதுக்கு மேல என்னைக் கேளாதை. நான் எழுதாததை வைச்சு நீயா ஒண்டும் கட்டாதை.

அந்தக் குழாய்கள் வீடுகளுக்கு எவ்வளவு கிட்ட? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளோ?

அன்புடன்,
சின்னம்மா


ஏவன்டேல்
7 ஜூன் 2015

சின்னம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்கவேணும். இண்டைக்கு எழுதப்போறது உங்களுக்குப் பிடிக்காது.

காலைமை இஞ்ச ஞாயிற்றுச் சந்தையில முளைக்கீரை வாங்கிக்கொண்டு நிக்கேக்க, பின்னால ஒரு அம்மா, "தம்பி யாழ்ப்பாணமோ?" எண்டா. பேர் இராசமலர். உங்கட பட்டினம்தான், மகளின்ரை பிள்ளைப்பேறுக்கு வந்து நிக்கிறா. உங்கட பேரைச் சொன்னன். கையில இருந்த கத்தரிக்காயைத் திரும்பப் பெட்டியிலயே போட்டிட்டா.

"ஓ, மொழிபெயர்ப்பு வசந்தமலரின்ரை பெறாமகனோ?"

"ஓம் அம்மா. ஏன்?"

"ஏன் எண்டு அவவைத்தான் கேக்கவேணும். அவ 'பயப்பிடாமல் வெளியில வாங்கோ' எண்டு சொல்லித்தானே யோகராணி குடும்பம் வந்தது."

மிச்சத்தையும் கேட்டன். ஊரில சமாதானம் வந்திட்டுது, எல்லாரும் திரும்பிப் போங்கோ எண்ட காலமாம். வதிவிடம் மறுக்கப்பட்ட குடும்பங்கள் தேவாலய மண்டபத்துக்குள்ள போய் இருந்திட்டுதுகளாம். மந்திரி லிங்கோர் ஒரு பொலிசும் இல்லாமல் தனிய வந்து நிலத்தில இருந்து கதைச்சாராம். பக்கத்தில நீங்கள். ஒருத்தரையும் அனுப்பமாட்டன் எண்டு சொன்னாராம். சனம் அழுதுகொண்டு வெளியில வந்துதாம். அடுத்த மாசம் யோகராணியை, புருசனை, ரெண்டு பிள்ளைகளை பிளேனில ஏத்திட்டினமாம்.

"அந்த வெள்ளைக்காரன் சொன்னது எங்களுக்கு விளங்கேல்லைத் தம்பி," எண்டா இராசமலர் அம்மா. "எங்கட காதில விழுந்தது உன்ரை சின்னம்மாவின்ரை குரல்தான்."

அப்ப ஆள் பொய்யர். உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டு எனக்குச் சீனிப் பணிஸ் கதை எழுதுறியள். உங்கட சத்தியம் ஆரைக் காப்பாத்துது, அகதியையோ மந்திரியையோ? நீங்கள் அவருடைய ஆளோ எண்டுகூட எனக்கு யோசனை போகுது. பிழையெண்டால் பிழை எண்டு எழுதுங்கோ.

யசீகரன்


ஏவன்டேல்
12 ஜூலை 2015

அன்பின் சின்னம்மாவுக்கு,

சுகம் எண்டு நினைக்கிறன். ஒரு மாசமாகுது, பதில் இல்லை. ராகவியிட்டைக் கேட்டன், "அம்மா இஸ் ஃபைன்" எண்டு ஒரு வரி அனுப்பினாள். கடைசிக் கடிதத்தில கொஞ்சம் கூடிப்போச்சு. ஆனால் கேட்ட கேள்வியைத் திருப்பி எடுக்கமாட்டன்.

வெஸ்ட்கேட் வேலையை எடுத்திட்டன். குழாயைப் பற்றித் தெரிஞ்சுகொண்டு விட்டிட்டுப் போனால் அடுத்தவன் உரிச்சுப் பாக்கானோ எண்ட யோசனைதான். உரிச்சன். ஒரு இடத்தில உறையைக் கழட்ட, குழாயின்ரை தோல் சிரட்டைத் துண்டு மாதிரிக் கையோட வந்துது. கூரையோரம் போற பெரிய குழாய், அதுக்கு நேர கீழ வேலி, வேலிக்கு அங்கால ஒரு வீட்டின்ரை ஊஞ்சல். ஓம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள்தான்.

லிங்கோரிட்டைச் சொன்னன். தனியச் சொல்லேல்லை, நரேந்திரனையும் கூட்டிக்கொண்டு போனன், சாட்சிக்கு. ஆள் முகம் கோணேல்லை. அண்டைக்கே வெஸ்ட்கேட்டுக்கு வந்து, ஏணியில ஏறி, தானே தொட்டுப் பார்த்தார். கீழ இறங்கி என்னை நேராப் பார்த்துச் சொன்னார்: "டிசம்பரில் கோடை அறுவடை வருமுன் இதை மூடுவேன். இது நான் தரும் வாக்கு." "எனக்கு மட்டும்" எண்டு ஏன் சொன்னீர்கள் எண்டு கேட்டன். "இயக்குநர் சபைக்கு முதலில் தெரிந்தால் உன்னை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். என்னிடம் வந்தால் அது என் பிரச்சினை" எண்டார்.

வெளியில வந்து நரேந்திரன், "டேய், மனுசன் நல்லாத்தானே பேசுறாரு?" எண்டான்.

"அதுதான்ரா பயம்," எண்டன்.

ரெண்டு மாசமா அவரைச் சோதிச்சுப் பாக்கிறன். ஒரே விசயத்தை வேறை வேறை ஆக்களை வைச்சுக் கேப்பிச்சுப் பார்த்தன். எல்லாருக்கும் ஒரே பதில். வாறன் எண்ட நேரத்துக்கு வாறார். தாறன் எண்ட சாமான் வருது. ஒரு பொய்யும் பிடிபடேல்லை. மெசினில அளவு எப்பவும் அசையாமல் ஒரே இடத்தில நிண்டால், அளவுமானி பழுது எண்டுதான் நாங்கள் முதல்ல யோசிக்கிறது.

யசி


டென்மார்க்
2 ஆகஸ்ட் 2015

அன்புள்ள யசிக்கு,

சுகமாயிருக்கிறம். இஞ்ச இப்ப வெய்யில், சித்தப்பா தக்காளிக்குத் தண்ணி விடுற சாட்டில றேடியோ கேக்கிறார்.

உன்னில கோவமில்லை. இந்தக் கேள்வியை இதைவிட மோசமான வார்த்தையில இந்தப் பட்டினத்தில கேட்டவை இருக்கினம். கோயிலில எனக்குப் பக்கத்தில இருக்கிறவை எழும்பிப் போன நாளும் இருந்தது. இராசமலர் சொன்னது பிழையுமில்லை, முழுசுமில்லை.

நீ எழுதினதில ஒரு விசயம் மட்டும் கேக்கிறன். இது உன்ரை கடிதத்தில இருந்து எழும்பின கேள்வி, அறைக்குள்ள இருந்து எடுத்ததில்லை. மூடுவன் எண்டு அவர் சொன்னாரெல்லோ. அவருக்கு மேல ஆர் இருக்கினம்? அவை மாட்டம் எண்டால் அவர் என்ன செய்வார் எண்டு கேட்டனியோ?

கேட்டுப் பார்.

அன்புடன்,
சின்னம்மா


ஏவன்டேல்
20 செப்டம்பர் 2015

சின்னம்மாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில நான் இல்லை, குறை நினையாதையுங்கோ.

நீங்கள் கேக்கச் சொன்னதை நான் கேக்கேல்லை. கேக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன். அவர் எங்க பொய் சொல்லுவார் எண்டு பார்க்கிறதிலயே என்ரை கவனம் முழுக்க நிண்டுது. இப்ப கேளுங்கோ, என்ன நடந்தது எண்டு.

போன புதன்கிழமை இயக்குநர் சபை கூடினது. வெஸ்ட்கேட்டை மூடவேணும் எண்டு லிங்கோர் கேட்டார். அறுவடைக் காலத்தில மூடினால் வாடிக்கையாளர் எல்லாம் போயிடுவினம், அடுத்த வருசம் பாப்பம் எண்டு சபை மறுத்திட்டுது. அவர் அதே மேசையில ராஜினாமாச் சொல்லிட்டு எழும்பிட்டார். வெள்ளிக்கிழமைப் பேப்பரில படம், 'கொள்கைக்காகப் பதவி துறந்தவர்' எண்டு. வாசிச்சால் உங்களுக்கே கண்ணீர் வரும். ரொட்டர்டாமில ஒரு பெரிய கப்பல் கொம்பனி அவரை இப்பவே கூப்பிட்டிட்டுதாம். வேலையிடப் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வருது, இனிமேல் ஏதும் நடந்தால் மேலதிகாரிமாரும் பொறுப்பு. அது வரமுந்தி ஆள் கழண்டிட்டார் எண்டு நான் முதல்ல சந்தேகப்பட்டன். இப்ப அதுவும் இல்லை எண்டு நினைக்கிறன். இது அவருடைய சுபாவம்.

போகமுந்தி வெஸ்ட்கேட்டுக்கு வந்தார். எல்லாருக்கும் கை குடுத்தார்.

"நான் அவர்களுக்கு உண்மையைச் சொன்னேன், யசி."

"குழாய் இன்னும் ஓடுது, சேர்."

"என்னால் அந்த மேசையில் இருக்க முடியாது. அது நேர்மையாக இருக்காது."

"நான் எந்த மேசையில இருக்கிறது?"

தோளில தட்டினார். கண் கலங்கிக் கிடந்தது, நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரியுது. சொன்னதெல்லாம் உண்மை. சொல்லிப்போட்டுக் கதவைத் திறந்துகொண்டு போயிட்டார். அந்தக் கதவால என்னால போகேலாது. வேலையை விட்டால் விசா இல்லை, விட்டாலும் ஊஞ்சலுக்கு மேல குழாய் கிடக்கும்.

இப்ப சபைத் தலைவர் நேரா எனக்குப் போன் எடுக்கிறார். இயந்திரத்தை மெல்லமா ஓட்டு, கோடை முடியும்வரை தாங்கும் எண்டு நீ சொன்னால் போதும் எண்டு.

உங்களுக்கு இது தெரியும் சின்னம்மா. முன்னமே பார்த்திட்டியள். 'அவருக்கு மேல ஆர்' எண்டு சுத்தி வளைக்காமல் 'இந்த ஆள் போயிடுவார்' எண்டு எழுதியிருந்தால் உங்கட சத்தியம் உடைஞ்சிருக்குமோ?

யசீகரன்


டென்மார்க்
22 செப்டம்பர் 2015

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த உடனே எழுதுறன். இதை அழிக்கமாட்டன்.

அறைக்குள்ள கேட்டதை இப்பவும் எழுதமாட்டன். ஆனால் வெளியில நடந்ததுக்கு நான் ஒருத்தருக்கும் சத்தியம் பண்ணேல்லை. பண்ணாததையும் சேர்த்துப் பூட்டி வைச்சிருந்திட்டன்.

சனம் தேவாலயத்தால வெளியில வந்தது. மந்திரிசபை அவர் பேச்சைத் தட்டிட்டுது. அவர் ராஜினாமாச் செய்தார். அண்டைக்குப் பின்னேரம் சந்தை வெளியில சனம் கூடி அவருக்குப் பூக் குடுத்தது, எங்கட ஆக்களும் குடுத்தவை. மனுசன் எண்டால் இப்பிடி இருக்கவேணும் எண்டு எல்லாரும் சொன்னவை. நானும் சொன்னன்.

யோகராணி குடும்பத்தை அனுப்புற நாளில, விமானநிலையத்தில பொலிசுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. என்னைத்தான் கூப்பிட்டினம். போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் தமிழ் தெரியாத ஆக்களுக்கு நடுவில அந்தப் பிள்ளை என்னெண்டு போவாள் எண்டு போனன். அது அறை இல்லை யசி, கண்ணாடிக்கு முன்னால எல்லாரும் நடந்து திரியிற இடம்.

"அக்கா, மந்திரி எங்க?" எண்டு யோகராணி கேட்டாள்.

"அவர் பதவியை விட்டிட்டார்."

"ஏன்?"

"உங்களை அனுப்புறது பிழை எண்டு."

"அப்ப இனி ஆரிட்டைக் கேக்கிறது?" எண்டாள்.

பொலிஸ்காரன், அவ என்ன சொல்லுறா எண்டு என்னைக் கேட்டான். மொழிபெயர்த்தன்.

அவர் நல்ல மனிசன். நல்ல மனிசன் எண்டு எழுதினால் நீ அவரை நம்பி இருந்திடுவாய். கெட்ட மனிசன் எண்டு எழுத எனக்குக் கை வராது. இந்த ரெண்டுக்கும் நடுவில ஒரு சொல்லை நான் ஒரு பாஷையிலயும் கண்டுபிடிக்கேல்லை. அவர் போய்ப் பெரிய ஆளாயிட்டார். நான் இதே பட்டினத்தில, அதே கடையில பால் வாங்கிறன். திங்கக்கிழமை காலைமை அடுத்த குடும்பத்துக்கு மொழிபெயர்க்கப் போகவேணும், போனன்.

நீ என்ன செய்யவேணும் எண்டு எனக்குத் தெரியாது. உன்ரை வதிவிடம் போயிட்டால் உன்ரை அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவன் எண்ட பயமும் கிடக்கு. மறைக்கேல்லை.

உன்னையே நினைச்சுக்கொண்டிருக்கிற,
சின்னம்மா


ஏவன்டேல்
4 ஒக்டோபர் 2015

அன்பின் சின்னம்மாவுக்கு,

நான் சுகம், சாப்பிட்டிட்டுத்தான் எழுதுறன். சித்தப்பாவுக்கும் ராகவிக்கும் சொல்லுங்கோ. அம்மாவுக்கு நான் சொல்லிட்டன். முதல்ல அழுதா, பிறகு அந்த ஊஞ்சல் எவ்வளவு கிட்ட எண்டு கேட்டா.

வெஸ்ட்கேட்டை நிப்பாட்டிட்டன்.

ஒரு பொத்தானை அமத்தினால் முடியிற வேலையில்லை அது. குழாய்களில கிடந்த அமோனியாவை மெதுமெதுவா இழுத்து, தடிச்ச இரும்புத் தாங்கிக்குள்ள அடைச்சு, வால்வுகளைப் பூட்டி, அந்தப் பூட்டுகளின்ரை திறப்பைக் கையில எடுக்கவேணும். அதுக்கு முந்தி நரேந்திரன் லொறிகளைப் பிடிச்சு, கோவா, பீன்ஸ் முழுக்கப் புக்கெகோஹிக்கு மாத்தினான். "என் வேலையும் சேர்த்துப் போச்சு லா," எண்டு சொல்லிச் சொல்லியே எல்லா லொறியையும் ஏத்தினான். அரசாங்கத்தின்ரை வேலையிடப் பாதுகாப்புப் பிரிவுக்கும் போன் எடுத்துச் சொல்லிட்டன்.

கொம்பிரெசர்கள் ஓய்ஞ்ச பிறகு காது அடைச்ச மாதிரி இருந்தது. வேலிக்கு அங்கால இருந்து ஒரு சமோவாப் பொம்பிளை, இடுப்பில பிள்ளையோட, "ஏன் சத்தம் இல்லை? நாங்கள் குடிவந்த நாள் தொட்டு இது ஓடுதே" எண்டு கேட்டா. திருத்த வேலை எண்டு சொல்ல வாயெடுத்தன். விட்டிட்டு உள்ளதைச் சொன்னன். கூரையோரக் குழாயைக் காட்டினன். அவ குழாயைப் பார்த்தா, ஊஞ்சலைப் பார்த்தா, பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாத்தினா. பிறகு, "எங்கட தெருவில மற்றவைக்கும் இதைச் சொல்லுவியோ?" எண்டா. வீடு வீடாப் போய்ச் சொன்னன்.

பின்னேரம் சபைத் தலைவர் போன் எடுத்தார்.

"ஆர் உனக்கு அதிகாரம் தந்தது?"

"நான்தான் இந்த இடத்துக்குப் பொறுப்பு எஞ்சினியர். நீங்கள்தான் போட்டனீங்கள்."

"அப்ப ராஜினாமாவை அனுப்பு. மரியாதையாப் போகலாம்."

"இல்லை சேர்."

அவருக்கு அது விளங்கேல்லை. நல்ல சான்றுக் கடிதம் தருவம், விசாவுக்கும் பிரச்சினை வராமல் பாப்பம் எண்டார். நான் இன்னொருக்கா இல்லை எண்டன். வேலையால கலைக்கிறதெண்டால் அவை கலைக்கட்டும், நானாப் போகமாட்டன் எண்டு சொல்லிட்டு வைச்சிட்டன். பெரிய வீரம் இல்லை. நரேந்திரன் பார்த்துக்கொண்டு நிண்டான், அவன்தான் சாட்சி.

நான் முந்தி எழுதின கேள்விக்கு, நீங்கள் ஆருடைய ஆள் எண்ட கேள்விக்கு, இனி நீங்கள் பதில் எழுதவேண்டாம்.

நாளைக்குக் காலைமை பத்து மணிக்குப் பாதுகாப்புப் பிரிவு இன்ஸ்பெக்டர் வாறாராம். கேற்றில என்ரை கார்டு வேலை செய்யுமோ தெரியாது. செய்யாட்டி வெளியில, றோட்டில நிப்பன். எந்தக் குழாய் எண்டு அவருக்குக் காட்ட ஒரு ஆள் வேணுமெல்லோ.

என்றும் உங்கட,
யசி